அண்ணன் வீட்டுக் கூரையில் பன்னிரண்டு பேனல்கள்

அந்தத் தெருவில் அவளை எல்லாரும் கூரையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளுக்குச் சூரிய பேனல் மாட்டுகிறவள். அவளோடு பேச வேண்டுமென்றால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துத்தான் பேச வேண்டும் என்று கேலி பேசுவார்கள். கேலியில் பாசம் இருந்தது, அதனால் அவள் கண்டுகொண்டதில்லை.

அதற்கு முன்னால் பதினான்கு வருஷம் ஒரு சட்டை ஆலையில் காலர் மட்டும் தைத்தாள். முழுச் சட்டை எப்படி இருக்கும் என்று கடையில் தொங்கும்போதுதான் பார்ப்பாள். ஆலை மூடியபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. புருஷன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பெண்களுக்கு ஆறு மாதம் பேனல் வேலை சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். இருபது பேர் சேர்ந்தார்கள். ஏணி ஏறச் சொன்ன அன்று ஏழு பேர் மிஞ்சினார்கள். படிப்பு முடிந்து தொழிலில் இறங்கியது இவள் ஒருத்திதான்.

இறங்கினாள் என்று சொல்லலாமே தவிர, ஏறுவதற்கு யாரும் கூரை தரவில்லை. "பொம்பளை மாட்டினா கரண்டு வருமா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அப்போது கூரை கொடுத்தவர் அவளுடைய அண்ணன்.

அண்ணன் அவளைவிட எட்டு வயது மூத்தவர். பஸ்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பவர். தங்கை பள்ளிக்கூடம் போன காலத்தில் தினமும் பென்சில் சீவிக் கொடுத்து அனுப்பியவர் அவர்தான். ஐம்பது வயதை நெருங்கிய பிறகும் தங்கையைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார்.

"எங்க வீட்டு மேல ஏறு பாப்பா. வழுக்கி விழுந்தாலும் நம்ம வாசல்லதான விழுவ. அடுத்தவன் வீட்டுல விழுந்து மானத்தை வாங்காத."

அந்தத் தகரக் கூரையில் பன்னிரண்டு பேனல்களை அவள் தனியாக மாட்டினாள். ஐந்து நாள் ஆனது. கடைசி வயரைக் கோத்துவிட்டுக் கீழே இறங்கி, இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று இரண்டு முறை குனிந்து பார்த்தாள். அண்ணி, அதாவது அண்ணனின் மனைவி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பயிற்சியில் மனப்பாடம் செய்ததை அவள் அவர்களுக்கு ஒப்பித்தாள். முதல் வருஷம் கொஞ்சம் குறையும். அதற்குப் பிறகு வருஷத்துக்கு நூற்றுக்கு முக்கால்தான் குறையும். இருபத்தைந்தாவது வருஷத்தில்கூட நூற்றுக்கு எண்பது கொடுக்கும். கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது.

"எனக்கே யாரும் அப்படி எழுதிக் குடுக்கலையே" என்றார் அண்ணன்.

அந்தக் கூரையைக் காட்டித்தான் அவள் அடுத்த வேலையைப் பிடித்தாள். பிறகு அதற்கடுத்தது. ஆறே வருஷத்தில் சுற்றுவட்டாரத்தில் முப்பத்தொரு கூரைகள். எல்லாமே அதே கம்பெனிப் பேனல்கள். தன் வீட்டுக்கும் அதையேதான் மாட்டினாள். வாங்குகிறவர்களிடம் அதே வாக்கியங்களைச் சொன்னாள். தான் படித்ததை, நம்பியதைத்தான் சொன்னாள்.

பேனல் மாட்டிய எட்டாவது வருஷம் அண்ணனுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒன்பதாவது வருஷம் செருப்பு மாட்டக் குனிந்தாலே வாங்கியது. முப்பது வருஷம் உள்ளே போன பெயிண்ட். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அடித்தால் போதும் என்று நினைத்திருந்தார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் மூச்சு மெஷின் வேண்டும் என்றார். காற்றை இழுத்து, அதிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும் பெட்டி. கரண்ட் இருக்கும் வரைதான் அது ஓடும்.

கரண்டோ அந்த ஊரில் சாயங்காலம் வந்து நாலைந்து மணி நேரம் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். மீதி நேரம் முழுக்கப் பேனலும் பேட்டரியும்தான். பகலில் பேனல் மெஷினையும் ஓட்டும், பேட்டரியையும் நிரப்பும். அந்தப் பேட்டரி விடியும் வரை தாங்கும். அண்ணன் மூக்குக் குழாயைச் சுட்டிக்காட்டி வருகிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி கரண்டு. நேரா மூக்குக்கே சப்ளை" என்பார். கூரையக்காவுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்று அண்ணி ஒருமுறை சொன்னபோது பேட்டரியையே புதிதாக மாற்றிக் கொடுத்தாள். சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தாள். அதற்குப் பிறகு அவர்கள் எதுவும் சொல்லவில்லை.

பதினோராவது வருஷம், மழை தூறி ஓய்ந்த ஒரு காலை. அண்ணனுடைய மாத்திரை தீர்ந்திருக்கும் என்று வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போகிற வழியில் ஏழு மணிக்கே அந்த வீட்டுக்குப் போனாள். வழக்கமாக அவள் சாயங்காலம்தான் வருவாள். கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் ஏதோ குறைவதுபோல் இருந்தது. நாலு விநாடிக்கு ஒருமுறை பெருமூச்சு விடுகிற அந்த மெஷினின் சத்தம் இல்லை.

அண்ணன் கட்டிலின் ஓரத்தில் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். தோள்கள் ஏறி இறங்கின. உதடு நாவல் நிறத்தில் இருந்தது. அண்ணி பக்கத்தில் ஒரு சின்னப் பிராணவாயுச் சிலிண்டரை வைத்துக்கொண்டு, அதன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"என்னண்ணி, மெஷின் என்னாச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. பத்து மணிக்கு வந்துடும்." அண்ணி பதற்றமே இல்லாமல் சொன்னார். "ஈரம் காஞ்சா வந்துடும். தினம் அப்படித்தான்."

"தினமா?"

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எத்தனை நாளா அண்ணி இப்படி?"

"போன மழைக்காலத்துலேர்ந்து. முதல்ல எட்டு மணிக்கு வந்துட்டிருந்துச்சு. இப்பதான் பத்து, பத்தரை ஆகுது. சிலிண்டரை வெச்சுச் சமாளிச்சுட்டு இருக்கோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அண்ணி கட்டிலைப் பார்த்தார். அண்ணன்தான் பதில் சொன்னார், இரண்டிரண்டு வார்த்தையாக, நடுவே மூச்சைத் தேடித் தேடி.

"நீ மாட்டினது... கெட்டுப்போச்சுன்னு... நானே... சொல்லணுமா பாப்பா?"

மாத்திரைப் பையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பேனல் வரிசையில் எங்கோ கரண்ட் கசிகிறது, ஓடமாட்டேன் என்று அர்த்தம். ஏணியைச் சாத்தி ஏறினாள்.

மேலிருந்து பார்த்தால் பேனல்கள் புதிது போலத்தான் இருந்தன. கண்ணாடி பளபளவென்று இருந்தது. வருஷத்துக்கு இரண்டு முறை அவளே துடைத்துவிட்டுப் போகிற கண்ணாடி. படுத்துக்கொண்டு, தலையை அடியில் நுழைத்து, பின்பக்கத்தைத் தொட்டாள். விரலில் வெள்ளையாக மாவு ஒட்டிக்கொண்டது. பேனலின் முதுகில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், ஈரம் உள்ளே போகாமல் காப்பது அதுதான். வெயிலில் வெந்து வெந்து அந்தத் தாள் சுண்ணாம்பாய் உதிர்ந்துகொண்டிருந்தது. குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள். வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போய், கம்பிகள் துருவேறிப் பழுப்பு படர்ந்திருந்தது. ஒன்றை விட்டு ஒன்றைப் பார்த்தாள். பன்னிரண்டும் அப்படித்தான்.

வெயில் ஏறிய பிறகு ஒவ்வொன்றாக அளந்தாள். பன்னிரண்டு பேனல்கள் சேர்ந்து ஏழு பேனலின் வேலையைச் செய்துகொண்டிருந்தன. பேட்டரி விடியும் வரை தாங்காததற்கு அதுதான் காரணம். அவள் புதுப் பேட்டரி வாங்கிக் கொடுத்ததெல்லாம் ஓட்டைக் குடத்தை விட்டுவிட்டு நல்ல குடத்தை மாற்றிய கதை. கண்ணாடியைத் துடைத்த ஒவ்வொரு முறையும் ஒரு ஜாண் கீழே கையை விட்டிருந்தால் தெரிந்திருக்கும். விடவில்லை. பின்பக்கம் பார்க்கச் சொல்லி யாரும் அவளுக்குச் சொல்லித் தரவுமில்லை.

இன்வெர்ட்டரை ஏமாற்றி ஓட்ட வழி இருந்தது. கசிவைக் கண்டுபிடிக்கிற பாகத்தைத் துண்டித்துவிட்டால் ஈரத்திலும் ஓடும். அதற்கு ஸ்க்ரூ டிரைவரும் பத்து நிமிஷமும் போதும். மூடியைக்கூடக் கழற்றிவிட்டாள். ஆனால் அது தகரக் கூரை. கசிகிற கரண்ட் தகரம் முழுக்கப் பரவும். அண்ணி துணி காயப்போடும் கம்பி அந்தத் தகரத்தில்தான் கட்டியிருந்தது. ஈரத் துணியோடு அண்ணி அதைத் தொடுவது அவள் கண்முன்னே வந்து நின்றது. மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, இன்வெர்ட்டர் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பத்தேகாலுக்குச் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. உள்ளே மெஷின் பெருமூச்சு விட்டது.

அதற்குப் பிறகு அவளால் ஆனதையெல்லாம் செய்தாள். வெடிப்பை அடைக்கிற பசையை வாங்கிவந்து, நாலு நாள் பேனலுக்கு அடியில் மல்லாந்து கிடந்து ஒவ்வொரு கோட்டிலும் பூசினாள். கண்ணில், வாயில், தலையிலெல்லாம் வெள்ளை மாவு. மூன்று வாரம் காலை ஏழு மணிக்கே மெஷின் ஓடியது. பிறகு பனி இறங்கிய ஒரு நாள் மறுபடி சிவப்பு. பூசிய இடம் கெட்டியாகத்தான் இருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக வெடித்திருந்தது.

தன் வீட்டுக் கூரையில் ஏறிப் பார்த்தாள். அங்கேயும் அதே நோய்தான், ஆனால் பக்கத்து மாடியின் நிழல் விழுந்த வரிசையில் கொஞ்சம் குறைவாக இருந்தது. தேறுகிற ஆறைக் கழற்றி அண்ணன் வீட்டில் மாட்டினாள். ஊருக்குத் திரும்பியிருந்த புருஷன் அண்ணாந்து பார்த்து, "நம்ம வீட்டு ஃபேன்?" என்றார்.

"ஓடாது."

"சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஆறும் இரண்டு மாதம்தான் தாக்குப்பிடித்தன.

கம்பெனிக்குப் போன் செய்தாள். கம்பெனி கைமாறிப் பெயரும் மாறியிருந்தது. நாலைந்து இடத்தில் எண்ணை அழுத்தச் சொல்லி, கடைசியில் ஒரு பெண் பேசினாள். இளம் குரல், மரியாதையான பேச்சு.

"பேனல் பின்னாடி ஒரு ஸ்டிக்கர் இருக்கும் மேடம். அதுல இருக்கிற நம்பரை போட்டோ எடுத்து அனுப்புங்க."

"ஸ்டிக்கர் ஒட்டியிருந்த தாளே உதிர்ந்துபோச்சும்மா. அதான் கம்ப்ளெயின்டே."

"நம்பர் இல்லாம கம்ப்ளெயின்ட் பதிய முடியாது மேடம். சிஸ்டம் எடுக்காது."

"எங்கண்ணன் மூச்சு மெஷின் இதுலதாம்மா ஓடுது."



"எனக்குப் புரியுது மேடம். எங்கப்பாவுக்கும் அதே மெஷின்தான். ஆனா இங்க அந்தக் கட்டத்தை நிரப்பாம அடுத்த பக்கம் போகவே மாட்டேங்குது."

அவள்மேல் கோபப்படக்கூடக் கூரையக்காவுக்கு வழியில்லாமல் போயிற்று. "சரிம்மா, அப்பாவைப் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பன்னிரண்டில் மூன்று பேனல்களில் எண் அரைகுறையாகத் தெரிந்தது. அந்த மூன்றையும் படம் எடுத்து அனுப்பினாள். எண் தெளிவாக இல்லை என்று பதில் வந்தது.

புதுப் பேனல்தான் வழி என்று ஆர்டர் கொடுத்தாள். இப்போது வருகிற பேனல்கள் பெரியவை, ஏழே போதும். ஆனால் பழைய இன்வெர்ட்டரோடு அவை சேராது. எல்லாமே மாற்ற வேண்டும். இரண்டு வாரத்தில் வரும் என்றார்கள். துறைமுகத்தில் சரக்கு தேங்கிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். ஒன்பது வாரம் ஆனது. அந்த ஒன்பது வாரமும் காலை ஐந்தரைக்கு அவள் அந்த வீட்டில் இருந்தாள். சிலிண்டர் முள்ளைப் பார்ப்பதில் அண்ணியும் அவளும் முறை வைத்துக்கொண்டார்கள். அண்ணன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். தகரத்தில் ஈரம் காய்கிற ஆவி எழுந்தால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். இன்னும் ஒரு மணி நேரம் என்று அர்த்தம். அவர் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஒரு பகல், மெஷின் ஓடிக்கொண்டிருந்த தெம்பில், அவர் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"பாப்பா, நான் பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிச்சேனே, எல்லாரும் அஞ்சு வருஷம் தாங்கும்னு சொல்வாங்க. நானும் அதையே சொல்வேன். மூணாவது வருஷமே பெயிண்ட் உரிஞ்ச பஸ்ஸோட வந்து நிப்பானுங்க. டப்பாவுல எழுதியிருந்ததைத்தானே சொன்னேன்? வேற எதைச் சொல்ல?"

"நான் அதைச் சொல்லி உன்னை நம்ப வெச்சேனே அண்ணா."

"நீ சொல்லலைன்னாலும் நம்பியிருப்பேன். போ, மேல ஏதாவது ஒட்டு."

புதுப் பேனல்கள் வந்த அன்று அவள் காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடித்தாள். பழையவை எல்லாவற்றையும் இறக்கிச் சுவரோரம் சாத்தினாள். மறுநாள் நல்ல பனி. ஐந்தரைக்கு வந்து இன்வெர்ட்டர் முன்னால் நின்றாள். இரவு முழுக்க ஓடியும் பேட்டரியில் பாதிக்கு மேல் இருந்தது. ஆறேகாலுக்கு வெளிச்சம் பட்டதுமே பச்சை விளக்கு வந்தது. அண்ணி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அன்று மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

மெஷின் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஓடியது. ஆனால் அண்ணனுக்கு அது போதவில்லை. முதலில் இரண்டில் வைத்திருந்த காற்றின் அளவை மூன்றாக்கினார்கள், பிறகு நாலாக்கினார்கள். ஐந்தாவது வாரம் கைப்பிடி அதற்குமேல் திரும்பவில்லை. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம், ஆனால் அங்கே கொடுப்பதும் காற்றுதான், வாங்குவதற்கு உள்ளே இடம் வேண்டுமே என்றார். அண்ணன் கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

ஒரு மதியம், ஒன்றரை மணிக்கு, அவர் போய்விட்டார். வெளியே கண் கூசுகிற வெயில். கூரையக்கா இரண்டு தெரு தள்ளி வேறொரு கூரையில் இருந்தாள். போனைக் கேட்டு ஓடிவந்தபோது மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் தலையணையில் கிடந்து தன்பாட்டுக்குக் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்தட்டுமா அண்ணி?"

"எனக்குக் கை வரலை. நீயே நிறுத்து."

நிறுத்தினாள். பழக்கத்தில் இன்வெர்ட்டரைப் பார்த்தாள். பேட்டரி நூறு என்று காட்டியது.

பத்து நாள் கழித்து டாக்டரிடம் போனாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போய்க் கேட்டாள்.

"காலையில தினம் மூணு நாலு மணி நேரம் சரியா காத்து கிடைக்காம இருந்துச்சு டாக்டர். ஒரு வருஷத்துக்கு மேல. அதனாலயா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. நுரையீரல் எப்படியும் போயிட்டு இருந்தது. அதனால இல்லவே இல்லைன்னும் என்னால சொல்ல முடியாது."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளும் தலையாட்டிவிட்டு எழுந்து வந்தாள்.

பிறகு அவள் மற்றக் கூரைகளுக்குப் போகத் தொடங்கினாள். யாரும் கூப்பிடவில்லை. கதவைத் தட்டி, பின்பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஏறினாள். விரலில் ஒட்டிய வெள்ளை மாவைக் கீழே வந்து காட்டினாள். "கீழேர்ந்து பார்த்தா புதுசு மாதிரிதானே இருக்கு?" என்று எல்லா வீட்டிலும் கேட்டார்கள். சிலர் கத்தினார்கள். ஒரு மளிகைக்கடைக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமலே கதவைச் சாத்தினார். டியூஷன் எடுக்கும் டீச்சர் ஒருத்தி மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிக்கா, இப்ப நான் என்ன பண்ணணும்?" என்றாள்.

"ஈரமா இருக்கும்போது கூரையைத் தொடாதீங்க. பசங்களையும் தொட விடாதீங்க."

"அது சரி. பேனலுக்கு என்ன பண்ணணும்?"

கூரையக்கா யோசித்துப் பார்த்தாள். "அதுக்கு எனக்கு ஒண்ணும் தெரியலை டீச்சர்" என்றாள்.

ஒரு நாள் சாயங்காலம் அண்ணி வீட்டுக்குப் போனாள். பழைய பேனல்கள் எல்லாம் இன்னும் சுவரோரமே நின்றன. பழைய இரும்புக்காரன் வந்து ஓரத்து அலுமினியச் சட்டத்தை மட்டும் கேட்டானாம், கண்ணாடியை எங்கே போடுவது என்று அவனுக்கும் தெரியவில்லையாம். அண்ணி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வீட்டுக்குள் எல்லா விளக்கும் எரிந்தன. ஃபேன், டி.வி., எல்லாம் ஓடின. உள்ளே பார்க்க யாருமில்லை.

"ஏன் அண்ணி எல்லாத்தையும் போட்டு வெச்சிருக்கீங்க?"

"பேட்டரி மதியமே நிரம்பிடுதும்மா. ஒத்தை ஆளுக்கு நான் இவ்வளவு கரண்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, சொல்லு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டுக் கீரையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அண்ணியோடு சேர்ந்து ஆயத் தொடங்கினாள்.